நட்சத்திரங்கள் ஏன் ஓடுவதில்லை?

2016 பெப்ரவரி 14 அன்று ரொறன்ரோவில் என்.பி.ஏ. ஓல் ஸ்ரார் ஆட்டம் நடந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அந்த ஆட்டம் நடந்தது அதுதான் முதல் தடவை. கோபி பிறையன்ட் ஆடிய கடைசி ஓல் ஸ்ராரும் அதுவே. எலும்பை உறைய வைக்கும் குளிர். எங்களில் பலர் பிள்ளைகளுடன் வீட்டில் இருந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். மேற்கு அணி 196, கிழக்கு அணி 173. பந்தைப் பிடிக்கிறார்கள், ஓடுகிறார்கள், போடுகிறார்கள். தடுக்க ஒருவர்கூட வருவதில்லை. இடைவேளைக்கு முன்னரே ஒரு சிறுவன் கேட்டான்: "அப்பா, இவை ஏன் விளையாடாமல் விளையாடினம்?"

அந்தக் கேள்வியைத்தான் வட அமெரிக்காவின் பெரிய லீக்குகள் எல்லாம் கடந்த பல ஆண்டுகளாகத் தங்களிடமே கேட்டுக்கொண்டிருக்கின்றன. எங்கள் கோடைகாலச் சுற்றுப்போட்டிகளுக்கும் அதில் கொஞ்சம் பாடம் இருப்பதால் இதை எழுதுகிறோம்.

ஓல் ஸ்ரார் என்பது ஆரம்பத்திலேயே கேளிக்கையாக இருந்ததில்லை. ஹொக்கியில் அதன் கதை தொடங்குவது எங்கள் நகரத்தில்தான். 1933 டிசம்பரில் பொஸ்ரனில் நடந்த ஆட்டமொன்றில், பொஸ்ரன் வீரர் எடி ஷோர் பின்னால் இருந்து மோதியதில் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் வீரர் ஏஸ் பெய்லி விழுந்து, தலை பனித்தளத்தில் அடிபட்டு மண்டை ஓடு வெடித்தது. உயிர் தப்பினார், ஆனால் அதன் பிறகு அவர் ஆடவே இல்லை. அவருக்கு உதவ ஒரு ஆட்டம் ஒழுங்கு செய்தார்கள். 1934 பெப்ரவரி 14 அன்று, மேப்பிள் லீஃப் கார்டன்ஸில், லீஃப்ஸ் அணிக்கு எதிராக மற்ற அணிகளின் சிறந்த வீரர்கள் சேர்ந்து இறங்கினார்கள். அவர்களில் எடி ஷோரும் ஒருவர். ஆட்டத்துக்கு முன் பெய்லி அவருக்குக் கை கொடுத்தபோது அரங்கம் அதிர்ந்தது. லீஃப்ஸ் 7-3 என்று வென்றது. சேர்ந்த பணம் பெய்லிக்குப் போனது. கார்ல்ற்றன் வீதியில் அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. கீழ்த்தளத்தில் இப்போது பெரிய மளிகைக்கடை. பால் வாங்கப் போகிற எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியுமோ.

அந்த ஆட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பின்னர் 1947 முதல் அது ஆண்டுதோறும் நடக்கும் நிகழ்ச்சியானது. நிகழ்ச்சி தங்கியது, காரணம் மெல்ல மெல்லக் கழன்றது.

இன்றைய வீரர் ஏன் ஓடுவதில்லை என்பதை அவர் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். என்.பி.ஏ. அணி ஒன்று ஒக்ரோபரில் இருந்து ஏப்ரல் வரை 82 ஆட்டங்கள் ஆடுகிறது. நடுவில் கிடைக்கும் சில நாள் ஓய்வில்தான் இந்த ஆட்டம் வருகிறது. கோடிக்கணக்கான டொலர் ஒப்பந்தம் முழங்காலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வென்றாலும் அட்டவணையில் ஒரு புள்ளி கூடாது, தோற்றாலும் குறையாது. அப்படியான ஆட்டத்தில் ஒருவரைத் தடுக்கப் பாய்ந்து காலை முறித்துக்கொண்டால் அதைத் துணிச்சல் என்று யார் சொல்வார்கள்? விசர் என்றுதான் சொல்வார்கள். அமெரிக்கக் காற்பந்து இதை நேர்மையாகவே ஒப்புக்கொண்டது. அவர்களுடைய புரோ போலில் 2023 முதல் மோதி விழுத்தும் ஆட்டமே இல்லை. இடுப்பில் கட்டிய கொடியை இழுக்கும் ஆட்டம்தான்.

மற்றவர்கள் ஆட்டத்துக்கு ஏதாவது ஒரு 'பெறுமதி'யைக் கட்டி விடப் பார்த்தார்கள். பேஸ்போல் செய்தது சுவாரசியமானது. 2002 இல் மில்வோக்கியில் ஓல் ஸ்ரார் ஆட்டம் 11 இன்னிங்ஸ் ஆகியும் 7-7 என்று நிற்க, பந்து எறிய ஆள் இல்லாமல் சமநிலை என்று முடித்துவிட்டார்கள். சனம் கூச்சலிட்டது. உடனே, 2003 முதல் ஓல் ஸ்ராரில் வெல்லும் லீக்கின் அணிக்கே உலகத் தொடரில் சொந்த மைதானச் சாதகம் என்று விதி கொண்டுவந்தார்கள். அதாவது, ஆண்டு முழுக்க உழைத்து முதலிடம் பிடித்த அணியின் உரிமையை, கடைசி இடத்தில் கிடக்கும் அணியின் வீரர் ஒருவர் யூலையில் ஒரு மாலைப்பொழுதில் தீர்மானிக்கலாம். 2016 வரை இதை இழுத்துவிட்டுக் கைவிட்டார்கள். எங்களுக்கு இது ஊரில் இரண்டு வீட்டுச் சண்டையை மூன்றாவது வீட்டுக் கோழியைப் பிடித்துத் தீர்த்த கதைபோல்தான் படுகிறது.

கூடைப்பந்து வேறு வழியில் போனது. கிழக்கு, மேற்கு என்ற பழைய பிரிவை 2018 இல் விட்டு, இரண்டு தலைவர்கள் தங்கள் அணிகளைத் தெரிவு செய்யும் முறை வந்தது. 2020 இல் கோபி பிறையன்ட் இறந்த சில வாரங்களில் சிக்காகோவில் நடந்த ஆட்டத்தில்தான் உண்மையான மாற்றம் தெரிந்தது. கடைசிக் கால்பகுதியில் மணிக்கூட்டை நிறுத்திவிட்டார்கள். முன்னிலையில் இருந்த அணியின் புள்ளியோடு, கோபியின் இலக்கமான 24 ஐக் கூட்டி, அந்த இலக்கை முதலில் தொடும் அணிக்கு வெற்றி என்றார்கள். அவ்வளவுதான். அதுவரை உலாவிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார்கள். எங்கள் கைல் லௌரி, ஓடி வருகிறவர்களின் முன்னால் நெஞ்சைக் கொடுத்து நின்று விழுந்தெழும்பினார். 157-155 என்று ஒரு தனி எறிதலில் ஆட்டம் முடிந்தது.

இந்த முறைக்குப் பெயர் ஈலம் முடிவு. பெயரைக் கேட்டதும் ஆரோ நம்மவர் என்று நாங்கள் துள்ளினோம். இல்லை, நிக் ஈலம் என்ற அமெரிக்கப் பேராசிரியர். கூடைப்பந்தில் பின்தங்கிய அணி, கடைசி நிமிடங்களில் வேண்டுமென்றே தவறு செய்து மணிக்கூட்டை நிறுத்தி, ஆட்டத்தைத் தனி எறிதல்களின் ஊர்வலமாக்கிவிடுவதை அவர் கவனித்தார். நேரத்தை எடுத்துவிட்டு இலக்கை வைத்தால் அந்தத் தந்திரத்தால் பயனில்லை. ஒவ்வொரு ஆட்டமும் கூடைக்குள் பந்து விழுந்தே முடியும். இதைப் பார்க்கத் தொலைவுக்குப் போகவேண்டியதில்லை. கனடாவின் சி.ஈ.பி.எல். லீக்கில் இதுவே விதி: கடைசிக் கால்பகுதியில் நான்கு நிமிடங்களுக்குள் வரும் முதல் இடைநிறுத்தத்தில், முன்னணி அணியின் புள்ளியோடு 9 ஐக் கூட்டி இலக்கு வைப்பார்கள். 2023 இல் அதன் கிண்ணத்தை வென்ற ஸ்காபரோ ஷூட்டிங் ஸ்ரார்ஸ் எங்கள் அயல் அணி.

ஆனால் முறை புதிதாக இருக்கும்வரைதான் அதற்கு வீரியம். 2024 இல் என்.பி.ஏ. பழைய கிழக்கு-மேற்குக்கே திரும்ப, இண்டியானாபொலிஸில் 211-186 என்று கணக்கு ஏறியது. ஒரு அணி 200 ஐத் தாண்டியது அதுவே முதல் தடவை, பார்த்தவர்கள் வெட்கப்பட்டார்கள். 2025 இல் நான்கு சிறு அணிகள், 40 புள்ளி இலக்கு. 2026 இல் இரண்டு அமெரிக்க அணிகளும் ஒரு உலக அணியும். ஆண்டுக்கொரு மருந்து.

எங்கள் கணிப்பில் சரியான விடையைக் கண்டது ஹொக்கிதான். 2025 பெப்ரவரியில் ஓல் ஸ்ராரை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கனடா, அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து என்று நான்கு நாடுகளின் சுற்றுப்போட்டியை நடத்தினார்கள். கனடாவை 51 ஆவது மாநிலம் ஆக்குவோம் என்று வோஷிங்ரனில் இருந்து குரல் வந்துகொண்டிருந்த நேரம். மொன்றியலில் கனடாவும் அமெரிக்காவும் சந்தித்தபோது முதல் ஒன்பது விநாடிகளில் மூன்று கைகலப்பு. அன்று அமெரிக்கா வென்றது. ஐந்து நாள் கழித்து பொஸ்ரன் இறுதியாட்டத்தில், மேலதிக நேரத்தில் கொனர் மக்டேவிட் அடித்த கோலால் கனடா 3-2 என்று வென்றது. அதே வீரர்கள், அதே சம்பளம், அதே முழங்கால்கள். மார்பில் இருந்த பெயர் மட்டும் வேறு. சென். ஜோன்ஸுக்கும் மத்திய கல்லூரிக்கும் இடையே 1904 இல் தொடங்கிய 'வடக்கின் பெரும் போர்' வெற்றி தோல்வியின்றி முடிந்தாலும் ஏன் மைதானம் நிரம்பி வழிகிறது என்பது தெரிந்த எங்களுக்கு இது புதுமையல்ல.

பிளேஓஃப் என்கிற இறுதிச் சுற்றுகளின் சிக்கல் நேர்மாறானது. அங்கே உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள். கேள்வி, அந்த முறை நியாயமா என்பது. என்.பி.ஏ. ஏழு ஆட்டத் தொடர் வைக்கிறது. நான்கு வெல்ல வேண்டும். ஒரு நாள் அதிர்ஷ்டம் அங்கே செல்லாது. 2019 மே 12 இல் கவாய் லெனார்ட் எறிந்த பந்து வளையத்தில் நான்கு தடவை துள்ளி உள்ளே விழுந்ததை மறக்க முடியுமா? ஆனால் அந்த ஏழாவது ஆட்டத்துக்கு வர ஆறு ஆட்டங்கள் ஆடியிருந்தார்கள். அதற்கு எதிரானது ஒற்றை ஆட்டம். 7 முதல் 10 ஆம் இடம் வரையுள்ள அணிகளுக்காக 2021 முதல் நடக்கும் முன்சுற்றில், 2023 இல் ராப்ரர்ஸ் சிக்காகோவிடம் தோற்று வீட்டுக்கு வந்தது. எங்கள் ஆட்கள் தனி எறிதலுக்குப் போகும்போதெல்லாம் எதிரணி வீரர் டீரோசனின் மகள் கீச்சிட்டுக் கத்த, 36 எறிதல்களில் 18 தவறின. 82 ஆட்டங்களின் கதை ஒரு சின்னப் பிள்ளையின் தொண்டையில் முடிந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை ஐ.பி.எல். 2011 முதல் கையாள்கிறது. கனடாவில் கேர்லிங் பார்க்கிறவர்களுக்கும் பழகிய முறைதான். முதல் இரண்டு அணிகள் மோதும். வென்றது நேரே இறுதிக்கு. மூன்றாவதும் நான்காவதும் மோதும், தோற்றது வீட்டுக்கு. முதல் ஆட்டத்தில் தோற்ற அணிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. நன்றாக ஆடி மேலே வந்தவருக்குப் பலன் கிடைக்கிறது, கீழே உள்ளவருக்குக் கதவும் பூட்டப்படவில்லை. 2016 இல் மூன்றாம் இடத்தில் இருந்த ஹைதராபாத் அப்படித்தான் கிண்ணம் வரை போனது.

இனி எங்கள் மைதானத்துக்கு வருவோம். போன கோடையில் எங்கள் ஊர்ச் சங்கத்துச் சிறுவர் உதைபந்தாட்டத்தில் எட்டு அணிகள், தோற்றால் வெளியே. மொன்றியலில் இருந்து விடிய முன் வெளிக்கிட்டு வந்த பிள்ளைகள், காலை ஒன்பது மணி ஆட்டத்தில் தோற்றார்கள். இருபது நிமிடம். பிறகு அப்பாமார் கதை முடிக்கும்வரை, பின்னேரம் ஆறு மணி மட்டும், மரத்தடியில் தொலைபேசியோடு இருந்தார்கள். அதில் இரண்டு பேர் இனி வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். தமிழ்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் சந்திக்க ஆண்டில் ஒரு நாள் வைத்துவிட்டு, பாதிப் பேரை முதல் ஆட்டத்தோடு அனுப்புகிற முறையை நாங்களே வகுத்திருக்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். எட்டு அணிகளை இரண்டு பிரிவாக்கி எல்லோரும் எல்லோரோடும் ஆடினால் 12 ஆட்டங்கள். மேலே வந்த நான்குக்கு ஒரு கிண்ணம், கீழே நின்ற நான்குக்கு இன்னொரு கிண்ணம். இரண்டுக்கும் அரையிறுதி, இறுதி சேர்த்து 6. மொத்தம் 18. ஒவ்வொரு அணிக்கும் ஆகக் குறைந்தது நான்கு ஆட்டம். இரண்டு மைதானங்கள், ஒரு ஆட்டத்துக்கு அரை மணித்தியாலம் என்றால் நாலரை மணித்தியாலத்தில் முடியும். எங்கள் ஆட்களின் நேரப்படி ஆறு என்று வையுங்கள்.

அதற்குப் பிறகு கடைசியாக ஒரு ஆட்டம். எல்லா அணிகளிலும் இருந்து தெரிந்தெடுத்த பிள்ளைகள் ஒரு பக்கம், ஊரில் ஆடி வந்த அப்பாமார், மாமாமார் மறு பக்கம். நுழைவுப் பணம் முழுவதும், ஏஸ் பெய்லி ஆட்டம்போல, வருத்தத்தில் இருக்கும் எங்கள் பழைய வீரர் ஒருவரின் குடும்பத்துக்கு. அவர் வந்து பந்தைத் தொட்டுத் தொடக்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் இதை முன்வைத்தபோது எதிர்ப்பு ஒன்றுதான் வந்தது. சாப்பாட்டுக்குப் பொறுப்பான அக்கா எழும்பி, "அப்ப ஒருத்தரும் இடையில போகமாட்டினம், ரோல்ஸ் எத்தனை போடுறது?" என்று கேட்டார்.