பள்ளித் தோட்டத்தில் ஒரு மழைக்காட்டுக் கொடி

ஆடுதின்னாப்பாளையை ஆடு தின்பதில்லை. ஆனால் கரிசல் காட்டு வரப்பில் அந்தச் செடியின் இலையைப் புரட்டிப் பார்த்தால், சிவந்த உடலும் கறுத்த இறகும் கொண்ட வண்ணத்துப் பூச்சியின் புழுக்கள் அதை மேய்வதைக் காணலாம். பாளைக் குடும்பத்துச் செடிகளை விட்டால் அவற்றிற்கு வேறு தீவனம் கிடையாது.

இதே குடும்பத்துக் காட்டுக் கொடியை நம்பி ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை மழைக்காடுகளில் வாழ்கிறது ரிச்மண்ட் பேர்ட்விங் என்னும் பெரிய வண்ணத்துப் பூச்சி. 19ஆம் நூற்றாண்டில் பிரிஸ்பேன் நகரத் தெருக்களிலேயே அது கூட்டமாகப் பறந்தது. மேய்ச்சலுக்கும் பயிருக்கும், பின்னர் வீட்டுமனைக்குமாகக் காடு அழிக்கப்பட்டது. கொடி போயிற்று. பூச்சியும் தன் பழைய பரப்பில் பெரும்பகுதியை இழந்தது.

இன்னொரு கேடு அழகு உருவில் வந்தது. தென் அமெரிக்காவிலிருந்து பூவுக்காகக் கொண்டுவரப்பட்ட 'டச்சுமேன்ஸ் பைப்' என்ற கொடி வீட்டுத் தோட்டங்களில் படர்ந்து, காட்டிலும் களையாகப் பரவியது. அதுவும் பாளைக் குடும்பமே. தாய்ப்பூச்சி ஏமாந்து அதில் முட்டையிடும். பொரித்து வரும் புழு இலையைத் தின்று மடிந்து விடும்.

1990களில் அந்நாட்டின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சி நிறுவனத்துப் பூச்சியியலார் டான் சாண்ட்ஸ் இந்த வேலையைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டு சென்றார். நூற்றுக்கணக்கான பள்ளிகள் சேர்ந்தன. பிள்ளைகள் பள்ளித் தோட்டத்தில் காட்டுக் கொடியை நட்டனர். பூச்சி வந்த விவரத்தைக் குறித்து வைத்தனர். களைக்கொடியை அடையாளம் கண்டு பிடுங்கச் செய்தனர். நிலம் வைத்திருப்போரும் கைகொடுத்தனர்.

கொடி வளர்ப்பிலும் பக்குவம் உண்டு. வேர்ப்பகுதியில் நிழலும் ஈரமும் வேண்டும். ஏறிப் படர மரமோ பந்தலோ வேண்டும். இளம் புழுவுக்குத் தளிர் தேவை. வறட்சியில் இலை முற்றிவிட்டால் அதனால் கடிக்க முடியாது. இலை பற்றாக்குறையானால் புழுக்கள் ஒன்றையொன்று தின்னும். ஆகவே ஒரே கொடியோடு நிறுத்தாமல் அருகருகே பல கொடிகள் நடப்படுகின்றன.

காட்டுத் துண்டுகளுக்கு இடையே தோட்டங்களில் கொடி வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே காளையைத் தலைமுறை தலைமுறையாக விட்ட மந்தையில் கன்றுகள் நலிவடைவதை விவசாயிகள் அறிவார்கள். தனித்துப் போன காட்டுத் துண்டில் சிக்கிய பூச்சிக்கும் அதே கதிதான். இடையில் கொடி இருந்தால் ஓரிடத்துப் பூச்சி மற்றோரிடத்துப் பூச்சியோடு சேர வழி கிடைக்கிறது. பள்ளித் தோட்டம் ஒருநாளும் காடாகி விடாது. எஞ்சிய காட்டை இணைக்க மட்டுமே அது உதவும்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் பொன்னிறப் பெரும் பூச்சிக்கு ஈஸ்வரமூலிக் கொடி தீவனமாகிறது. மலையடிவாரப் பள்ளிகளில் இதை வேலியோரம் வளர்க்கலாம். அருகில் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது. இலையில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு இருப்பதால், பிள்ளைகள் அதை வாயில் வைக்காமல் ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.