கம்பைலர் சொல்லும் குறையும் தமிழ் அகரவரிசையும்

பெயர்களை அகரவரிசைப்படி அடுக்குவது எளிய வேலை என்றே நாம் எண்ணுகிறோம். தொடக்கப்பள்ளி மாணவனும் அதைச் செய்துவிடுவான். ஆனால் கணிப்பொறி அவ்வேலையில் தவறி விடுகிறது. அமுதன், அருள், அழகன், அன்பு என்னும் நான்கு பெயர்களைப் பைத்தான் மொழியில் எழுதிய சிறு நிரலிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். இறுதியில் நிற்க வேண்டிய அன்பு முதலிடத்தில் வந்து அமர்ந்துவிடுவார்!

இதற்குக் காரணம் உண்டு. 1991ஆம் ஆண்டு வெளிவந்த யூனிகோடு எழுத்துத் தரம், இந்திய எழுத்துகளுக்கு 1988ஆம் ஆண்டின் இஸ்கி முறையைப் பின்பற்றி எண்கள் வழங்கிற்று. எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவான அமைப்பு வேண்டுமென்று கருதி, னகரத்தை நகரத்தின் அருகிலும், றகரத்தை ரகரத்தின் அருகிலும் வைத்தனர். நம் நெடுங்கணக்கிலோ அவ்விரண்டும் மெய்வரிசையின் முடிவில் வருவன. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் பொறிக்கு இவ்வேறுபாடு எப்படித் தெரியும்?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியில் வாழும் நமக்கு இது வெறும் இலக்கணச் செய்தி அன்று. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இப்பால் குடியிருக்கும் தமிழ் வீடுகளில், சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், படிப்பகத்தின் நூற்பட்டியல் போன்றவற்றைத் தமிழில் காப்பது நம் பொறுப்பே. பெயர் தன் இடத்தில் இல்லாவிட்டால், தேடுபவர் அது பட்டியலிலேயே இல்லையென்று எண்ணித் திரும்பிவிடுவார்.

இப்பணிக்கு ஆற்றலுள்ளவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கின்றனர். கேரளப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வி கட்டற்ற மென்பொருளைக் கொண்டே நடைபெறுகிறது. 2017இல் கைட் நிறுவனமாக உருப்பெற்ற ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் இயங்குதளத்தைப் பள்ளிகளுக்கு வழங்கி வருகிறது. 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் மாணவர்கள் நிரல் எழுதிப் பழகுகின்றனர்.

தமிழ் வரிசையை நன்கறிந்த ஐ.சி.யூ. என்னும் நிரல் தொகுதி ஒன்று உண்டு. இத்தகைய தொகுதியை லைப்ரரி என்பர். ஐ.பி.எம். நிறுவனம் 1999இல் இதனைத் திறந்த மென்பொருளாக்கியது. 2016 முதல் யூனிகோடு கூட்டமைப்பு இதனைப் பேணி வருகிறது. இதைப் பைத்தானோடு இணைப்பது பை-ஐ.சி.யூ. ஆனால் அதை நிறுவப் புகும் மாணவன் பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே தடுமாறுகிறான். திரை முழுவதும் சிவந்த எழுத்துகள்! பொறி கெட்டுவிட்டதென்று அவன் அஞ்சுகிறான், பெற்றோரும் அஞ்சுகின்றனர். உண்மையில் கெட்டது ஒன்றுமில்லை.

நடப்பது இதுதான். பை-ஐ.சி.யூ. மூல நிரலாக வந்து சேருகிறது. அதைப் பொறிமொழிக்கு மாற்றும் வேலையை நம் கணிப்பொறியிலுள்ள கம்பைலரே செய்தாக வேண்டும். கதவு செய்யும் தச்சருக்கு நிலையின் அளவு வேண்டுமல்லவா? அதுபோலக் கம்பைலருக்கு ‘ஹெடர்’ என்னும் அளவுக் குறிப்புக் கோப்புகள் தேவை. ஐ.சி.யூ. ஏற்கெனவே கணிப்பொறியில் இருக்கலாம். அதன் அளவுக் குறிப்புகள் தனித் தொகுப்பாகவே கிடைக்கும். அத்தொகுப்புகளின் பெயர் உபுண்டுவில் ‘டெவ்’ என்று முடியும்.

பிழைச் செய்தியைப் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. கடைசி வரி, வேலை முடியவில்லை என்று மட்டுமே சொல்லும்; காரணம் மேலே இருக்கும். ஆகவே மேலேறிச் சென்று, ‘எரர்’ என்னும் சொல் முதன்முதலாக வரும் வரியைக் காண வேண்டும். பின்வந்த பிழைகள் பலவும் அந்த ஒன்றின் விளைவாகவே இருக்கும்.

அவ்வரியில் ஜி++ என்னும் கட்டளை கிடைக்கவில்லை என்றிருந்தால், கம்பைலரே இல்லையென்று பொருள். ‘பில்ட்-எசென்ஷியல்’ தொகுப்பை நிறுவ வேண்டும். ‘பைத்தான்.எச்’ கோப்பு இல்லையென்றால் ‘பைத்தான்3-டெவ்’ வேண்டும். ‘யூனிகோட்’ என்னும் அடைவிலுள்ள ஒரு கோப்பு இல்லையென்றால் ‘லிப்ஐசியு-டெவ்’ வேண்டும். ‘பிகேஜி-கான்ஃபிக்’ கேட்டால் அதே பெயருள்ள தொகுப்பை நிறுவலாம். இப்பெயர்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சிட வேண்டும்.

எல்லாம் இருந்தும் பிழை வருமாயின் பதிப்புகளை ஒப்பிட வேண்டும். 2024இல் வெளிவந்த ஐ.சி.யூ. 75ஆம் பதிப்பு முதல் சி++17 என்னும் புதிய தரம் இன்றியமையாதது, பழைய பை-ஐ.சி.யூ. அதனோடு பொருந்தாது போகலாம். அப்போது பை-ஐ.சி.யூ.வின் புதிய பதிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். நிறுவி முடிந்தபின், இயக்கும்போது ‘அன்டிஃபைன்ட் சிம்பல்’ என்று வந்தால், ஐ.சி.யூ.வின் பழைய பதிப்புக்கென ஆக்கி வைத்த கோப்பு மீண்டும் எடுத்தாளப்பட்டிருக்கலாம். சேமிப்பைத் தவிர்த்துப் புதிதாக நிறுவுதல் நலம்.

கம்பைலரின் உதவியின்றி முடிக்கவும் வழியுண்டு. உபுண்டுவின் களஞ்சியத்தில் ‘பைத்தான்3-ஐசியு’ என்று ஆயத்தமாகவே கிடைக்கிறது. உபுண்டுவோடு வரும் பைத்தானுக்கு அதுவே போதும். எனினும், பள்ளிக்குரிய மடிக்கணினியில் எதையும் நிறுவுமுன் ஆசிரியரின் இசைவைப் பெறுவது முறை.

தொகுதி அமைந்தபின் தமிழ்மொழிக்குரிய ‘கொலேட்டர்’ ஒன்றை உருவாக்கி, அதைக் கொண்டு வரிசைப்படுத்தினால், அமுதன், அருள், அழகன், அன்பு என்று நால்வரும் தத்தம் இடத்தில் நிற்பர்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். திரையில் பிழைகள் கண்டு பிள்ளை திகைக்கும்போது, “மூடி வைத்துவிட்டுப் பாடத்தைப் படி” என்று சொல்லாதீர்கள். முதற் பிழை வரியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதை ஒரு தாளில் எழுதி, பொருளைத் தமிழில் கூறச் சொல்லுங்கள். எந்தக் கோப்பு இல்லை, எந்தப் பதிப்பு பொருந்தவில்லை என்பது அப்போதே தெளிவாகும். வீட்டில் தீராவிடில், அந்தத் தாளையே மறுநாள் ஆசிரியரிடம் காட்டலாம்.