ரோம்: டோட்டல் வார்

ரோம்: டோட்டல் வார் என்பது பண்டைய ரோமானியரின் படையெடுப்புகளை அடிப்படையாகக் கொண்ட, உத்தி வகையைச் சேர்ந்த கணினி விளையாட்டு ஆகும். இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் உருவாக்கிய இதனை ஆக்டிவிஷன் நிறுவனம் 2004 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வெளியிட்டது. டோட்டல் வார் வரிசையில் ஷோகன் (2000), மெடீவல் (2002) ஆகியவற்றை அடுத்து வந்த மூன்றாவது விளையாட்டு இதுவாகும். பார்பேரியன் இன்வேஷன் (2005), அலெக்சாண்டர் (2006) என்னும் இரு விரிவாக்கங்களும் பின்னர் வெளிவந்தன. பெரல் இன்டராக்டிவ் நிறுவனம் புதுப்பித்த பதிப்பு 2021 ஏப்ரலில் வெளியானது.

விளையாடும் முறை

ஆட்டம் கி.மு. 270 இல் தொடங்குகின்றது. ஆடுபவர் ஜூலி, புரூட்டி, ஸ்கிப்பி என்னும் மூன்று ரோமானியக் குடும்பங்களுள் ஒன்றை ஏற்று நடத்துகின்றார். ஜூலி குடும்பம் வடக்கே கௌல் இனத்தவரையும், புரூட்டி குடும்பம் கிழக்கே கிரேக்கரையும் மக்கெதோனியரையும், ஸ்கிப்பி குடும்பம் தெற்கே கார்த்தேசையும் எதிர்கொள்கின்றன. ரோம் நகரம் செனட் சபையின் கையில் உள்ளது. சபை அவ்வப்போது பணிகளை இடும். மக்களிடையே குடும்பத்தின் செல்வாக்கு மிகுந்தால் சபை அஞ்சத் தொடங்கும். இறுதியில் உள்நாட்டுப் போர் மூளும். முழு ஆட்டத்தில் வெற்றி பெற ரோம் உட்பட 50 மாகாணங்களைக் கைப்பற்ற வேண்டும். பிற நாடுகளைத் தொடக்கத்திலேயே ஏற்று ஆட இயலாது.

ஆட்டம் இரண்டு தளங்களில் நிகழ்கின்றது. நிலப்படத்தில் ஒவ்வொரு முறையும் அரையாண்டு கழியும். வரி, கட்டடம், படைதிரட்டல், தூது ஆகியன இங்கு நடைபெறும். இரு படைகள் சந்திக்கும்போது ஆட்டம் போர்க்களத்துக்கு மாறுகின்றது. அங்கு ஆயிரக்கணக்கான வீரர்களை நேரடியாக நகர்த்திப் போரிடலாம்.

நிறைகள்

போர்க்களமே இவ்விளையாட்டின் பெரும் சிறப்பு. இங்கு வெற்றியை முடிவு செய்வது கொல்லப்பட்டோரின் எண்ணிக்கை மட்டுமன்று. படையின் மனவுறுதியே முதன்மையானது. முன்னால் எதிரியோடு பொருதிக்கொண்டிருக்கும் காலாட்படையின் பின்புறத்தைக் குதிரைப்படை தாக்கினால், பெரும்பாலோர் உயிருடன் இருக்கும்போதே அப்படை சிதறி ஓடும். கி.மு. 216 இல் கன்னே என்னுமிடத்தில் அனிபால் தன்னிலும் பெரிய ரோமானியப் படையைச் சூழ்ந்து அழித்தது எவ்வாறு என்பதைப் பாடநூலின் அம்புக்குறிகளைவிட இவ்விளையாட்டு தெளிவாக உணர்த்தும். மேடு, காடு, களைப்பு ஆகியவையும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. மதங்கொண்ட யானைகள் சொந்தப் படையையே மிதிக்கத் தொடங்கினால், அவற்றைக் கொல்லுமாறு பாகருக்கு ஆணையிடலாம். உளியையும் சுத்தியலையும் கொண்டு கார்த்தேசியப் பாகர்கள் இவ்வாறு செய்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதியுள்ளார்.

இக்களத்தின் நம்பகத்தன்மையைத் தொலைக்காட்சியும் பயன்படுத்திக்கொண்டது. பிபிசியின் டைம் கமாண்டர்ஸ் நிகழ்ச்சி, விளையாட்டு வெளிவருவதற்கு முன்பே, 2003 இல் இதன் மென்பொருளைக் கொண்டு பழங்காலப் போர்களைக் காட்டியது.

நிலப்படத் தளத்தில் குறிப்பிடத்தக்கது மக்கள்தொகைக்கும் படைக்கும் உள்ள தொடர்பு ஆகும். ஒரு படைப்பிரிவைத் திரட்டும்போது அந்நகரின் மக்கள்தொகை அதே அளவு குறையும். சிற்றூர் ஒன்றிலிருந்து தொடர்ந்து வீரர்களை எடுத்தால் அவ்வூர் வளராது. போர் என்பது பொன்னால் மட்டும் நடப்பதன்று, மனிதரால் நடப்பது என்பதை இவ்வளவு எளிய கணக்கினால் காட்டிய விளையாட்டுகள் அக்காலத்தில் மிகச் சிலவே. ஜெஃப் வான் டைக்கின் இசையும் பலராலும் விரும்பப்பட்டது.

குறைகள்

கணினி எதிராளியின் திறன் குறைவு. பெரிய படையைத் திரட்டாமல் சிறு சிறு படைகளாக அனுப்பி இழப்பதும், முற்றுகையின்போது அம்புகள் பாயும் இடத்திலேயே அசையாது நிற்பதும் அதன் வழக்கம். தூது முறையும் வலுவற்றது. தோல்வியின் விளிம்பில் உள்ள நாடும் சமாதானத்தை மறுக்கும். போர்கள் மிக விரைவாக முடிகின்றன. உண்மையில் பல மணி நேரம் நீடித்த மோதல் இங்கு சில நிமிடங்களே.

வரலாற்றுப் பிழைகளுள் பெரியது எகிப்து. கி.மு. 270 இல் அந்நாட்டை ஆண்டவர் இரண்டாம் தாலமி. அவரது மரபு மக்கெதோனிய மரபு. படையும் நீண்ட ஈட்டி ஏந்திய மக்கெதோனிய முறைப் படையே. விளையாட்டிலோ ஆயிரம் ஆண்டு முந்திய பாரோ காலத்துத் தேர்களும் உடைகளும் தோன்றுகின்றன. கி.மு. 217 இன் ராஃபியா போர் இவ்விளையாட்டிலேயே தனிப் போராக இடம்பெற்றிருந்தும் இப்பிழை திருத்தப்படவில்லை. ரோமை மூன்று குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டதும் கற்பனையே. ஆனால் நகைப்புக்குரியதாகத் தோன்றும் தீப்பன்றிகளுக்குப் பழைய நூல்களில் சான்று உண்டு என்பதையும் கூற வேண்டும். மெகாரா நகரத்தார் யானைகளை விரட்ட எரியும் பன்றிகளை ஏவியதாகக் குறிப்புகள் உள்ளன.

இவற்றைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. கைப்பற்றிய நகரை என்ன செய்வது என்று விளையாட்டு மூன்று வழிகளைத் தருகின்றது: குடிகளை அப்படியே ஆளுதல், அடிமைகளாக்கி வேறு நகரங்களுக்கு அனுப்புதல், பெரும்பகுதியினரைக் கொன்றுவிடுதல். மக்கள்தொகை பெருகப் பெருக நகரின் தூய்மை கெட்டு அமைதி குலையும். தலைநகரிலிருந்து தொலைவு கூடினாலும் அமைதி குறையும். ஆகவே தொலைவில் உள்ள பெருநகர் ஒன்றைப் பிடித்தவருக்குப் படுகொலையே சிக்கனமான வழியாகின்றது. கருவூலத்துக்குப் பணம் சேரும், கலகம் அடங்கும், அண்டை நகரங்களின் எதிர்ப்பும் கூடாது. தன் சொந்த நகரைக் கலகம் செய்யவிட்டு, மீண்டும் கைப்பற்றி, குடிகளைக் கொன்று அமைதி காண்பது ஆடுவோரிடையே அறியப்பட்ட உத்தியாகவே இருந்தது.

ரோமானியர் இத்தகைய கொடுமைகளைச் செய்யாதவர்கள் அல்லர். கி.மு. 146 இல் கார்த்தேஸ் அழிக்கப்பட்டது. எஞ்சியோர் அடிமைகளாக விற்கப்பட்டனர். ஆயினும் ரோம் வென்றது அதனால் மட்டுமன்று. தோற்ற இத்தாலிய நகரங்கள் பலவற்றோடு ரோம் உடன்படிக்கை செய்துகொண்டது; சிலவற்றுக்குக் குடியுரிமையும் அளித்தது. அந்நகரங்கள் தம் ஆட்சியைத் தாமே நடத்தி, போர்க்காலத்தில் வீரர்களை அனுப்பின. கி.மு. 225 இல் ரோமும் அதன் நட்பு நாடுகளும் திரட்டக்கூடியவர்கள் ஏறத்தாழ 7 இலட்சம் காலாட்களும் 70,000 குதிரை வீரர்களும் எனப் பொலிபியஸ் கணக்கிடுகின்றார். கன்னேயில் ஒரே நாளில் பல்லாயிரவரை இழந்தும் ரோம் பணியாமைக்கு இதுவே காரணம். நட்பு நாடுகள் யாவும் பிரிந்து வரும் என்ற அனிபாலின் எதிர்பார்ப்பு ஓரளவே நிறைவேறியது.

விளையாட்டில் இந்த நட்பு நகரங்களுக்கு இடமே இல்லை. ஒரு நகரம் ஒன்று நம்முடையது, அல்லது பிறருடையது. கன்னேயை அனிபாலின் பக்கமிருந்து அழகாகக் காட்டும் இவ்விளையாட்டு, அதன் பின்னர் நிகழ்ந்ததை விளக்க முடியாமல் போவது இதனால்தான்.

ஆர்வலர் மாற்றங்கள்

இக்குறைகளைக் களைய ஆர்வலர்கள் முயன்றனர். ரோம் டோட்டல் ரியலிசம், எவுரோப்பா பார்பரோரம் ஆகிய மாற்றத் தொகுப்புகள் இவற்றுள் புகழ்பெற்றவை. இரண்டாவது தொகுப்பு எகிப்துக்கு உரிய தாலமி மரபுப் படையைக் கொண்டுவந்ததுடன், வென்ற மாகாணத்தில் எவ்வகை ஆட்சியை நிறுவுவது என்ற தேர்வையும் சேர்த்தது. நேரடி ஆட்சி முதல் உள்ளூர்த் தலைவரின் நட்பாட்சி வரை அதில் பல படிகள் உண்டு. தேர்ந்த ஆட்சிக்கேற்ப அங்கே திரட்டக்கூடிய படைகளும் மாறும்.