நடுகல்லுக்கு ஒரு கூரை
(கலைக்கூடங்களும் பொதுஜனங்களும் – 9)

சென்ற வாரம், 1851-ஆம் வருஷத்தில் தோன்றிய சென்னை மியூசியத்துக்குப் பட்டணத்துப் பாமர ஜனங்கள் 'செத்த காலேஜ்' என்று நாமகரணம் செய்திருந்த ரஸமான விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அதில் பரிகாசம் இருந்தாலும் கொஞ்சம் சொந்தமும் இருந்தது. தருமபுரியில் தொல்லியல் துறையினர் நடத்திவரும் அகழ்வைப்பகத்திலோ சங்கதி வேறு. அங்கே வரிசையாக நிற்கும், மாண்ட வீரர்களுக்காக நட்ட நடுகற்களை நாம் சிற்பமென்று பார்க்கிறோம், ஆனால் அவற்றின் உடன்பிறப்பான ஒரு கல் அரூர்ப் பக்கத்துக் காட்டில் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருக்குமானால், அதற்கு வேடியப்பன் என்று பெயர், மஞ்சள் குங்குமம் உண்டு, வருஷத்துக்கொரு பொங்கலும் உண்டு.

ஒரு கையில் வில், மறு கையில் வாள், உடம்பில் தைத்த அம்புகள். இப்படி ஒரு வீரன் புடைப்பாக நிற்க, இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்ன ஊர்த் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, பகைவர் கவர்ந்தபோது மீட்டுப் பட்டவன் இவன் என்று பக்கத்திலே பழைய லிபியான வட்டெழுத்து சொல்லும். (நாயும் இந்தக் கௌரவத்துக்கு விலக்கல்ல, செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்றிலே, கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கருகில் கோவிவன் என்ற அவனுடைய நாயும் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது.) துணி துவைக்கும் கல்லாகவும் வாய்க்கால் பாலமாகவும் போய்விடக்கூடிய இத்தகைய கற்களை, 1970-களில் இரா. நாகசாமி தொல்லியல் துறை இயக்குநராக இருந்த காலத்தில் அத்துறையினர் செங்கம், தருமபுரிப் பிரதேசங்களில் ஊர் ஊராகத் தேடிப் படித்துப் பதிப்பித்தது மகத்தான காரியம்.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு, தகுந்த கல்லைக் காண்பதில் தொடங்கி ஆறு நிலைகளை வகுக்கிறது. நடுவது நான்காவது, அதற்குப் பிறகு படையலும் வாழ்த்தும் உண்டு. மியூசியங்கள் பெரும்பாலும் நான்காவதோடு நின்றுவிடுகின்றன என்பது என் அபிப்பிராயம். மே 18-இல் சர்வதேச அருங்காட்சியக தினமும், நவம்பர் 19 முதல் ஒரு வாரம் உலகப் பாரம்பரிய வாரமும் வரும்போது, பெரும்பாலும் பேச்சுப் போட்டியும் சான்றிதழும்தான் நிகழ்ச்சியாகின்றனவேயன்றி, பொருளுக்கும் வந்தவருக்கும் பரிச்சயம் உண்டாவது அபூர்வம்.

பரிச்சயம் உண்டாக்கப் பெரிய செலவும் வேண்டியதில்லை. மைப்படி எடுப்பதையே பிள்ளைகளுக்கு முன்னால் செய்து காட்டலாம். கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் படியவைத்து, தூரிகையால் விட்டுவிட்டு அடிக்க அடிக்க, தாள் எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்குகிறது. பிறகு மை தோய்த்த துணிப்பந்தை அதன்மேல் ஒற்றினால், மேடெல்லாம் கறுத்து, அதுவரை கண்ணுக்குப் பிடிபடாதிருந்த எழுத்து வெள்ளையாய் எழுந்து நிற்கிறது. அந்தத் தாளை விரித்துவைத்து நாலைந்து வட்டெழுத்துகளை அடையாளம் காட்டிவிட்டால், பிள்ளைகள் மிச்சத்தைத் தாமே துழாவத் தொடங்கிவிடுவார்கள்.

அதைவிட முக்கியமான நிகழ்ச்சி ஒன்றுண்டு. எந்த ஊரிலிருந்து கல் வந்ததோ அந்த ஊராரை வருஷத்தில் ஒரு நாள் அழைத்து, அவர்கள் ஊர்க் கதையை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்பது. அவர்கள் கற்பூரத்தோடு வந்து நின்றால் என்ன செய்வது என்று உத்தியோகஸ்தர்கள் கவலைப்படலாம். எண்ணெயும் புகையும் எழுத்தைக் கெடுக்கும் என்ற ஆட்சேபம் நியாயமானதே; ஆனால் ஒரு முழம் பூவைக் கல்லின் முன்னால் தரையில் வைப்பதற்கு எந்த விதி குறுக்கே நிற்கப் போகிறது?

(தொடரும்)