வார்த்தைக்கு வார்த்தை காசு!

மாசக் கடைசி. ஹாஸ்டல் ரூமில் நாலு பேர் பர்ஸையும் கவிழ்த்துக் கொட்டினாலும் ஒரு செட் பரோட்டாவுக்குத் தேறாது. அப்படி ஒரு ராத்திரியில்தான் எனக்கு அந்த ஞானோதயம் வந்தது. ‘நமக்குத் தமிழ் நல்லா வரும். இங்கிலீஷும் சுமாரா வரும். மொழிபெயர்த்தே சம்பாதிச்சா என்ன?’

நான் மெக்கானிக்கல், மூணாவது வருஷம். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். அந்த தைரியத்தில் 43 ட்ரான்ஸ்லேஷன் ஏஜென்சிகளுக்கு மெயில் தட்டினேன். ‘ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் எ ஹார்டுவொர்க்கிங் ஸ்டூடன்ட்...’ என்று, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ரெடி பண்ணின அதே பிட்டு! பதில் வந்தது ஒண்ணே ஒண்ணு.

அந்த ஒண்ணுதான் எனக்கு வெச்ச ஆப்பு!

முதலில் ‘டெஸ்ட்’ என்று 1,800 வார்த்தை அனுப்பினார்கள். ஓசியில் செய்து கொடுத்தேன். அப்புறம் 6,000 வார்த்தை, வார்த்தைக்கு 60 பைசா. நாலு ராத்திரி தூங்காமல் முடித்து அனுப்பினேன். ஆக மொத்தம் 3,600 ரூபாய். செமஸ்டர் ஃபீஸ் கட்ட நான் நம்பியிருந்த காசு. ‘அடுத்த வாரம்’ என்றார்கள். அடுத்த வாரம் போனையே எடுக்கவில்லை. கடைசி நாளன்று ரூம்மேட்தான் தீபாவளிக்கு ஊருக்குப் போக வெச்சிருந்த காசைக் கொடுத்துக் காப்பாற்றினான். அந்த தீபாவளிக்கு அவன் ஊருக்குப் போகலை.

எங்கே சொதப்பினேன்? இதே வேலையை அஞ்சு வருஷமாகச் செய்துகொண்டிருக்கும் எங்க காலேஜ் சீனியர் அக்கா ஒருவரிடம் போய் நின்றேன். ஒரு டீ சாப்பிட்டு முடிப்பதற்குள் மொத்த கதையையும் போட்டு உடைத்தார்.

ஏஜென்சின்னா என்ன?

ஒரு மிஷின் கம்பெனிக்குத் தன் மேனுவல் பத்து மொழியில் வேணும். பத்து ஆளைத் தேடி அலைய அவர்களுக்கு நேரமில்லை. ஏஜென்சியிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். ஏஜென்சி அதை மொழிவாரியாகப் பிரித்து நம்மை மாதிரி ஃப்ரீலான்ஸர்களுக்குக் கொடுக்கும். ஒருத்தர் டெட்லைனில் சொதப்பினாலும் கம்பெனியிடம் பாட்டு வாங்குவது ஏஜென்சிதான். “அவங்க மேதாவியைத் தேடலைடா. நம்பி தூங்கப் போகலாம்ங்கிற ஆளைத் தேடறாங்க. உன் மெயில்ல அதுக்கு ஒரு வரியாவது இருக்கா?” என்று கேட்டார் அக்கா. ஹிஹி... இல்லை.

மெயிலில் என்ன எழுதணும்?

எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு, எந்த சப்ஜெக்ட், ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை முடியும், வார்த்தைக்கு என்ன ரேட், என்ன சாஃப்ட்வேர் தெரியும். அவ்வளவுதான், அஞ்சு வரி! பொதுவாக அவரவர் தாய்மொழிக்குள்தான் மொழிபெயர்க்கணும். ‘எல்லா சப்ஜெக்ட்டும் செய்வேன்’ என்று எழுதினால் எதுவும் தெரியாதுன்னு அர்த்தம். நமக்குத்தான் இன்ஜினீயரிங் இருக்கே... மேனுவல், பாதுகாப்புக் குறிப்பு என்று ஒரே ஏரியாவைப் பிடிச்சுக்கலாம். ட்ராடோஸ், மெம்மோக்யூ மாதிரி சாஃப்ட்வேர் எல்லாம் காசு. ஒமேகா-டி இலவசம், பழக அது போதும்.

மாட்டிக்காம இருக்க...

* 1999-லிருந்து இருக்கும் ப்ரோஸ் டாட் காம் தளத்தில் ‘ப்ளூ போர்டு’ என்று ஒரு பகுதி உண்டு. எந்த ஏஜென்சியோடு மறுபடி வேலை செய்வோம், செய்ய மாட்டோம்னு மொழிபெயர்ப்பாளர்களே மார்க் போடுவார்கள். வேலையை ஒப்புக்கொள்ளும் முன் அதில் ஒரு பார்வை.
* டெஸ்ட் என்றால் 200, 300 வார்த்தை ஓகே. அதுக்கு மேல் ஓசியில் கேட்டால் உஷார்!
* பர்ச்சேஸ் ஆர்டர் கையில் வராமல் ஒரு வரிகூடத் தொடாதீங்க. வார்த்தை எண்ணிக்கை, ரேட், டெட்லைன், எத்தனை நாளில் பணம்... எல்லாம் அதில் எழுத்தில் இருக்கணும்.
* எண்ணுவது இங்கிலீஷ் வார்த்தையையா, தமிழ் வார்த்தையையா? இதை முதலிலேயே கேட்டுடுங்க. தமிழில் வார்த்தைகள் ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை குறையும். தமிழை எண்ணினால் நமக்குத்தான் நஷ்டம்.
* ‘ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுங்க’ன்னா... டுபாக்கூர்! நம்ம பயோடேட்டாவைத் திருடி, மெயில் ஐ.டி-யை மட்டும் மாற்றி வேலை வாங்கும் கும்பலும் உண்டு. கண்ட இடத்தில் போட்டு வைக்காதீங்க.

இன்னொரு உண்மை. ஐ.எஸ்.ஓ 17100 என்கிற 2015-ம் வருஷத் தரவிதிப்படி நடக்கும் ஏஜென்சிகள், மொழிபெயர்ப்பில் பட்டம், இல்லைன்னா வேற டிகிரியோடு ரெண்டு வருஷ முழுநேர அனுபவம், அதுவும் இல்லைன்னா அஞ்சு வருஷ முழுநேர அனுபவம் கேட்கும். ஸ்டூடன்ட்டுக்கு அந்தக் கதவு உடனே திறக்காது. சின்ன ஏஜென்சிகளில் செய்கிற ஒவ்வொரு வேலையையும் இப்போதே ஒரு நோட்டில் குறித்து வைத்தால் நாளைக்கு உதவும்.

காவலர் வந்த கதை

மெயிலை மாற்றி எழுதி, ப்ளூ போர்டில் அலசி, ஒன்பதே ஒன்பது ஏஜென்சிக்கு அனுப்பினேன். ஒன்று டெஸ்ட் அனுப்பியது. 250 வார்த்தை. இப்போ நிறைய வேலை இப்படித்தான் வருது. மெஷின் மொழிபெயர்த்து வெச்சிருக்கும், நாம் திருத்தணும், ரேட்டும் கம்மி. அதில் ஒரு வரி: ‘இயந்திரம் ஓடும்போது காவலரை அகற்றாதீர்கள்.’

சிரித்துவிட்டேன். வாட்ச்மேனை எதுக்குப்பா அகற்றணும்? இங்கிலீஷில் இருந்தது ‘கார்டு’. சுற்றும் பாகத்தில் கை போகாமல் தடுக்கிற மூடி! அடுத்த நொடி சிரிப்பு நின்றது. எங்க அப்பா கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் இருப்பவர். தமிழ் மட்டும்தான் படிப்பார். இந்தத் தாள் அவர் மிஷின் மேல் ஒட்டப்பட்டிருந்தால்?

போன் போட்டேன். ரகசிய ஒப்பந்தம் இருப்பதால் தாளை அனுப்பவில்லை, வார்த்தையை மட்டும் கேட்டேன். அதே காரணத்துக்காக இலவச மொழிபெயர்ப்புத் தளங்களிலும் டாக்குமென்ட்டை ஒட்டக் கூடாது. “பாதுகாப்பு மூடின்னு போடு, பக்கத்துலயே கார்டுன்னும் போடு. பட்டறையில எல்லாரும் கார்டுன்னுதான் சொல்லுவோம்” என்றார் அப்பா. அப்படியே எழுதி, ஏன் மாற்றினேன் என்று ரெண்டு வரி குறிப்பும் வைத்து அனுப்பினேன். “இந்த மாதிரி கேள்வி கேக்குறவங்கதான் எங்களுக்கு வேணும்” என்று பதில் வந்தது. கூடவே முதல் பர்ச்சேஸ் ஆர்டர்.

ரெண்டு மாசம் கழித்து, புது மருந்துப் பரிசோதனைக்கான நோயாளி ஒப்புதல் படிவம் ஒன்றை அதே ஏஜென்சி கொடுத்தது. நல்ல ரேட்! ஆனா மருத்துவம் எனக்குத் தெரியாது. மனசைக் கல்லாக்கிக்கிட்டு ‘முடியாது’ன்னு அனுப்பினேன். அதோடு கழட்டி விட்டுடுவாங்கன்னு பயந்தேன். அடுத்த வாரம் மறுபடி ஒரு மிஷின் மேனுவல் வந்தது.

ஒண்ணை மட்டும் மறந்துடாதீங்க ஃப்ரெண்ட்ஸ். ஏஜென்சிகள் பணம் கொடுக்க 30, 45, ஏன் 60 நாள்கூட எடுப்பாங்க. ஸோ, மாசக் கடைசி பரோட்டாவுக்கு இது வழி இல்லை! என் முதல் பில் 45-வது நாள்தான் வந்தது. முதல் வேலையா ரூம்மேட் கடனை அடைச்சேன். அந்த 3,600 ரூபாய் இன்னும் வரலை. வராதுன்னு இப்போ தெரியும்.

சரி, கிளம்பறேன். வெள்ளிக்கிழமை டெட்லைன். வியாழக்கிழமை தெர்மல் இன்டர்னல். ‘திங்கள்கிழமை தரட்டுமா?’ன்னு இன்னிக்கே கேட்டு மெயில் போட்டாச்சு!