ஆய்வைத் தேடி - 9: எருமைப்பாலும் கல்லெழுத்தும்

எருமைப்பால் கைக்குழந்தைக்கு ஆகாது என்பது 1950களில் பரவலாக இருந்த எண்ணம். அதில் நியாயமும் இருந்தது. பசும்பாலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கொழுப்பு. கேசின் என்னும் புரதமும் கூடுதல். குழந்தையின் வயிற்றுக்குள் போய்த் திரியும்போது கெட்டிக் கட்டியாகிவிடும், செரிக்காது. ஆனால் அன்றைய இந்தியாவில் கறந்த பாலில் பெரும்பங்கு எருமையினுடையதுதான். குழந்தை உணவோ டப்பா டப்பாவாகக் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்நியச் செலாவணிக்குத் திண்டாடிய நாட்டுக்கு இது பெரிய தலைவலி.

மைசூருவின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த வேதியியலாளர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். கொழுப்பைக் குறைத்து, கெட்டியாகத் திரியும் தன்மையை இளக்கி, சர்க்கரையும் வைட்டமின்களும் சேர்த்து, உலர்த்திப் பொடியாக்கும் வழியைக் கண்டார்கள். குஜராத்தின் ஆனந்தில் இருந்த கூட்டுறவுப் பால் ஒன்றியம் அதை வாங்கித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது. அமுல் குழந்தை உணவு பிறந்தது இப்படித்தான்.

சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்றால்தான் ஊரில் வழி காட்டுவார்கள். 1950-ல் தொடங்கிய இந்த நிலையம் இருப்பது செலுவாம்பா மாளிகையில். மைசூர் அரச குடும்பத்து இளவரசி ஒருவருக்காகக் கட்டிய அரண்மனை அது. முதல் இயக்குநர் வி. சுப்ரமணியன். ஊட்டக்குறை அவருடைய தலையாய கவலை. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் நிலக்கடலை மாவு மூன்று பங்கு, கொண்டைக்கடலை மாவு ஒரு பங்கு, மேலே கொஞ்சம் வைட்டமின்கள். இந்தியப் பல்நோக்கு உணவு என்ற பெயரில் அந்த நிலையம் உருவாக்கிய மலிவான புரத மாவின் சூத்திரம் அவ்வளவுதான். பின்னாளில் அவர் தஞ்சை வட்டாரத்துக்கு வந்து நெல் பதப்படுத்தும் ஆய்வு மையத்தை உருவாக்கினார்.

அதே ஊரில் 1961-ல் ராணுவத்துக்காக இன்னொரு உணவு ஆய்வகம் வந்தது. பனிமலையில் நிற்கும் சிப்பாய்க்குக் கெடாத சப்பாத்தி செய்வது அதன் வேலை. 1984-ல் ராகேஷ் சர்மா சோயுஸ் விண்கலத்தில் போனபோது கூடவே போன இந்திய உணவும் இங்கிருந்து போனதுதான்.

இதுவரை சொன்ன ஆய்வுகளைப் பார்த்து யாரும் "இதனால் என்ன பிரயோசனம்?" என்று கேட்பதில்லை. டப்பாவும் பொட்டலமும் கண்முன் இருக்கின்றன. ஆனால் மைசூருவில் இன்னொரு வகை ஆய்வு வாசல்களும் உண்டு. 1916-ல் பிறந்த பல்கலைக்கழகம், அதற்கு முன்பே இருந்த சுவடி நூலகம், மொழி நிறுவனம், பேச்சு-செவித்திறன் நிறுவனம், மானிடவியல் அளவையின் தென்மண்டல மையம், தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு. ஒன்று கல்வி அமைச்சகத்துக்குக் கீழே, ஒன்று சுகாதாரத்துக்குக் கீழே, வேறொன்று பண்பாட்டுக்குக் கீழே. தில்லியில் இவற்றின் கோப்புகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. மைசூருவில் ஒரு ஆட்டோ பிடித்தால் போதும், அரை நாளில் எல்லா வாசலையும் பார்த்துவிடலாம். சாமுண்டி மலைக்கும் மிருகக்காட்சிசாலைக்கும் போய்த் திரும்பும் தமிழ்நாட்டு வேன்கள் இந்த வாசல்களைத் தாண்டித்தான் போகின்றன.

மானசகங்கோத்ரி வளாகப் பகுதியில் இரண்டு நிறுவனங்கள் அக்கம்பக்கத்தில் இருப்பது தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒன்றின் வேலை மற்றொன்று இல்லாமல் நகராது. 1960களில் வந்த அகில இந்திய பேச்சு-செவித்திறன் நிறுவனத்துக்குக் காது கேளாதவர்களும், திக்குவாய்க்காரர்களும், பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களும் வருகிறார்கள். காதைச் சோதிக்க வெறும் ஒலி மட்டும் போதாது; சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் தயாரித்த ஆங்கிலச் சொற்பட்டியலை மண்டியாவிலிருந்து வந்த விவசாயியிடம் வாசித்தால் அவருக்குக் காது கேட்கவில்லையா, ஆங்கிலம் தெரியவில்லையா என்று எப்படிச் சொல்வது? ஆகவே கன்னடத்துக்கு ஒரு பட்டியல், தமிழுக்கு ஒரு பட்டியல், தெலுங்குக்கு ஒரு பட்டியல். எந்த ஒலி அந்த மொழியில் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்ற கணக்குப்படிதான் சொற்களைப் பொறுக்க வேண்டும். அந்தக் கணக்கைத் தருவது மொழியியல். பக்கவாதம் வந்தவர் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் கன்னடமும் பேசியவரானால் சிக்கல் இன்னும் கூடும். இரண்டு மொழியும் ஒரே வேகத்தில் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. எந்த மொழியில் பயிற்சியைத் தொடங்குவது என்பதே ஓர் ஆய்வுக் கேள்வி.

பக்கத்து வீடான இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 ஜூலை 17-ல் தொடங்கியது. முதல் இயக்குநர் ஒடிசாவைச் சேர்ந்த டி.பி. பட்நாயக். நாகாலாந்தின் அங்காமி மொழிக்கு 1980-ல் ஓர் இலக்கண நூல் வந்தது இங்கிருந்துதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகளாக 121 மொழிகள் தேறின. அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள மொழிகளின் சொல்லையும் கதையையும் இலக்கணத்தையும் பதிவுசெய்யும் திட்டம் 2013 முதல் இந்த நிறுவனத்தின் பொறுப்பு. செம்மொழித் தமிழுக்கான மத்திய அரசுத் திட்டமும் 2006-ல் மைசூருவில்தான் கால் ஊன்றியது. 2008 மே மாதத்தில் சென்னைக்கு வந்து தனி நிறுவனமானது.

இனி இயற்பியல். 1961-ல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தவர் எஸ். சந்திரசேகர். நோபல் பரிசு பெற்ற விண்ணியலாளர் சந்திரசேகர் வேறு, இவர் வேறு, இருவருக்கும் சி.வி. ராமன் உறவு என்பதால் குழப்பம் சகஜம். இவர் ராமனுடைய தங்கை மகன். அதே ஆண்டில் அதே துறையில் ரீடராகச் சேர்ந்தவர் இவருடைய தம்பி பஞ்சரத்தினம்.

பஞ்சரத்தினம் மைசூரு வரும்போதே தன் பெரிய வேலையைச் செய்து முடித்திருந்தார். யாருக்கும் அது தெரியாது. பெங்களூரில் ராமனிடம் ஆய்வு மாணவராக இருந்தபோது, 1956-ல், இருபத்திரண்டு வயதில், படிகங்களின் ஊடே போகும் ஒளியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒளியின் அதிர்வு நிலையைப் படிப்படியாக மாற்றி, சுற்றி, மறுபடியும் பழைய நிலைக்கே கொண்டுவந்து விட்டாலும், அது அப்படியே பழைய ஒளியாகத் திரும்புவதில்லை. எந்த வழியாகச் சுற்றி வந்தது என்பதன் தடம் அதன் அலைக்கட்டத்தில் பதிந்திருக்கும். அந்தத் தடத்தின் அளவையும் அவர் கணக்காகச் சொன்னார். இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் அச்சான அந்தக் கட்டுரை முப்பது ஆண்டுகள் அலமாரியில் கிடந்தது. மைசூருவில் மூன்றாண்டு பாடம் நடத்திய பஞ்சரத்தினம் 1964-ல் ஆக்ஸ்போர்டு போனார். 1969-ல் அங்கேயே இறந்தார். வயது 35.

1984-ல் பிரிட்டனின் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயற்பியலில் இதே போன்ற தடம் ஒன்றைக் கண்டு சொன்னபோது உலகம் திரும்பிப் பார்த்தது. "இதைத்தான் பஞ்சரத்தினம் அன்றே சொன்னார்" என்று 1986-ல் இயற்பியலாளர்கள் ராமசேஷனும் நித்யானந்தாவும் எழுதிச் சுட்டினார்கள். பெர்ரி பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். இன்று ஒளியியல் நூல்களில் இரு பெயரும் சேர்ந்தே வருகின்றன. கண்ணாடியை வளைத்து இழைக்காமல் தட்டையான தகட்டையே லென்ஸாக்கும் உத்திகளில் ஒன்று அந்தத் தடத்தை வைத்துத்தான் நடக்கிறது. 1956-ல் ஒரு நிதிக்குழு இதற்குப் பயன் என்ன என்று கேட்டிருந்தால் இருபத்திரண்டு வயதுப் பையன் என்ன பதில் சொல்லியிருப்பான்?

அண்ணன் சந்திரசேகரின் கதை இதைவிடச் சற்று அதிர்ஷ்டமானது. மைசூருவில் பத்தாண்டு இருந்து திரவப் படிகங்களில் இறங்கியவர் 1971-ல் பெங்களூர் ராமன் நிறுவனத்துக்குப் போனார். திரவப் படிகம் என்றால் குச்சி வடிவ மூலக்கூறுகள்தான் என்று எல்லாரும் எண்ணியிருந்த காலத்தில், தட்டு வடிவ மூலக்கூறுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு திரவப் படிகமாகும் என்று 1977-ல் சக ஆய்வாளர்கள் இருவருடன் காட்டினார். எல்.சி.டி. திரைகளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் வெளிறாமல் இருக்க ஒட்டும் மென்படலங்களில் பின்னாளில் இந்தத் தட்டு மூலக்கூறுகள் இடம்பிடித்தன.

மைசூருவில் பிறந்த சமூகவியலாளர் எம்.என். சீனிவாசுக்கு ஆய்வகம் ஒரு கிராமம். தமிழ் பேசும் ஐயங்கார் குடும்பம். படித்தது மகாராஜா கல்லூரி. 1948-ல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் மாதக்கணக்கில் தங்கி, யார் வயலில் யார் உழுகிறார்கள், யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கிறார்கள், சண்டையை யார் தீர்த்துவைக்கிறார்கள் என்று எழுதிக் குவித்தார். ஊர்ப்பெயரை மறைத்து ராம்புரா என்று வைத்தார். அந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தி மூன்று படிகள் வைத்திருந்தார். 1970 ஏப்ரலில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அவர் தங்கியிருந்த ஆய்வு மையத்தில் தீவைப்பு நடந்தது. மூன்று படிகளும் ஒரே அறையில் இருந்தன; மூன்றும் போயின. நினைவிலிருந்தே எழுதுங்கள் என்று நண்பர்கள் தூண்ட, எழுதினார். 1976-ல் வெளிவந்த அந்த நூல், 'நினைவில் நின்ற கிராமம்' என்ற பொருள்படும் தலைப்போடு, இந்தியச் சமூகவியலில் நிலைத்துவிட்டது. எண்ணும் அட்டவணையும் எரிந்துபோனதால் மனிதர்கள் முன்னுக்கு வந்தார்கள் என்று ஒரு வாசகர் சொன்னால் மறுப்பது கடினம். ஆனாலும் எரிந்த குறிப்புகளுக்கு அது ஈடாகாது.

அடுத்த வாசல் 1891-ல் தொடங்கிய கீழ்த்திசை நூலகம். தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த சுவடியில், கிரந்த எழுத்தில், பல நூற்றாண்டுகளாகப் பெயர் மட்டுமே தெரிந்திருந்த அர்த்தசாஸ்திரம் இருப்பதை நூலகர் ஆர். சாமசாஸ்திரி கண்டார். 1905 முதல் மொழிபெயர்ப்பைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். மூலம் 1909-ல் அச்சேறியது. முழு ஆங்கில மொழிபெயர்ப்பு 1915-ல். ஜெர்மனிக்குப் போன மைசூர் மகாராஜாவிடம் "சாமசாஸ்திரியின் மைசூரா?" என்று கேட்டார்களாம். ஊரில் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை. நூலின் வாழ்வு அதோடு முடியவில்லை. 1971-ல் வரலாற்றாய்வாளர் தாமஸ் டிரவுட்மன் அதில் வரும் சின்னச் சின்ன இடைச்சொற்களை எண்ணிப் புள்ளியியல் முறையில் அலசி, இது ஒரே கையால் எழுதியதல்ல என்று வாதிட்டார். ஓலைச்சுவடி கணித வகுப்புக்குள் நுழைந்தது.

அதே எண்ணும் வேலைதான் சோழர் வரலாற்றையும் புரட்டியது. அதன் மூலப்பொருளான கல்வெட்டுப் படிகள் வந்து சேர்ந்ததும் மைசூருவில்.

கல்வெட்டுப் படி எடுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கைவேலை. சுவரைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். ஈரம் பாதி காய்ந்ததும் மைப்பொதியால் ஒற்றினால் கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழும். இதுதான் மைப்படி. 1880களில் கல்வெட்டாய்வாளர் ஹுல்ட்ஷ் காலத்திலிருந்து இந்தியத் தொல்லியல் துறை ஊர் ஊராகப் போய் எடுத்த படிகள் நெடுங்காலம் ஊட்டியில் இருந்தன. 1966-ல் அலுவலகத்தோடு மைசூரு வந்தன. அவற்றில் மிகப் பெரிய பங்கு தமிழ்.

ஜப்பானிய வரலாற்றாய்வாளர் நொபொரு கராஷிமா திருச்சிப் பக்கத்து அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை 1966-ல் ஒப்பிட்டார். பிராமணர்களுக்குக் கொடையாக விட்ட ஊர், அதாவது பிரமதேயமான ஈசானமங்கலத்தில் நிலம் தனியாள் கையில். அல்லூரில் ஊரார் பொதுவில். சோழர் காலத்துக் கிராமம் என்றால் எல்லாம் ஒரே அச்சு என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. பின்னர் அவரும் எ. சுப்பராயலுவும் மாட்சுயியும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் தொகுத்து 1978-ல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். யார் அதிகாரி, யார் நிலக்கிழார், எந்தப் பட்டம் எந்த மன்னர் காலத்தில் பெருகியது என்பதெல்லாம் அந்தப் பெயர்க்குவியலிலிருந்து வெளிவந்தவை. ராஜராஜனைப் பற்றிய மேடைப்பேச்சு எதுவும் இதைத் தந்திருக்காது.

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர உத்தரவிட்டது. அந்த வழக்கை ஒட்டி எந்த ஊரில் வைப்பது என்பதே பெரிதாகப் பேசப்பட்டது. கல்வெட்டாய்வாளர் பணியிடங்கள் போதாமல் கிடப்பது அதைவிடப் பெரிய சேதி. படிக்க ஆள் இல்லாத படி மைசூருவில் இருந்தாலும் ஒன்று, சென்னையில் இருந்தாலும் ஒன்று. எருமைப்பாலுக்கு ஆய்வாளரை அமர்த்த யோசிக்காத அரசு, கல்லெழுத்துக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது சரியல்ல.

படி எடுத்தபின் மூலக்கல்லே அழிந்துபோன ஊர்கள் உண்டு. அங்கே அந்தத் தாள் ஒன்றே சாட்சி. இதை வாசிப்பவர்களின் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கினால், கல்வெட்டுள்ள சுவரில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யவோ சுண்ணாம்பு பூசவோ விடாதீர்கள். முதலில் செல்பேசியில் ஒரு படம் எடுங்கள். பிறகு மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள்.

(தொடரும்)