கரைக்கோட்டை யார் வரைவது?

இந்தியாவின் முதல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991 பிப்ரவரியில் வந்தது. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று அது வரையறுத்தது. பிறகு அது பலமுறை திருத்தப்பட்டது.

அதற்கு மாற்றாக 2008இல் மத்திய அரசு ஒரு வரைவை வெளியிட்டது. கரை பெருந்திட்டங்களின் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய மீனவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மறு ஆண்டு எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான குழு அதைக் காலாவதியாக விடப் பரிந்துரைத்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மும்பை, சென்னை, கோவா உள்ளிட்ட இடங்களில் மக்களைச் சந்தித்துக் கருத்துக் கேட்டார். அதன் பின்னரே 2011 அறிவிக்கை பிறந்தது.

குரல் எழுப்பினால் சட்டம் அசையும் என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் 2019இல் வந்த புதிய அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமப்புறக் கரைகளில் கட்டுமானத் தடைப் பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. மீனவர் அமைப்புகள் இதையும் எதிர்த்தன.

இப்போது உண்மையான களம் வரைபடம்தான். ஒவ்வொரு மாநிலமும் வரைபடங்களுடன் கூடிய கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் தயாரித்து, மாவட்டந்தோறும் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். மீனவர் குடியிருப்பு, பொது நிலம், மீன் உலர்த்தும் களம், படகுத்துறை எல்லாம் அதில் இடம்பெற வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டுக் கூட்டங்களில் இவை விடுபட்டதாக மீனவர்கள் முறையிட்டிருக்கிறார்கள்.

வரைபடத்தில் இல்லாத களத்தைக் காப்பது கடினம். எனவே வரைவு வந்ததும் ஊர் கூடித் தன் இடங்களைச் சரிபார்த்து, விடுபட்டவற்றை எழுத்தில் பதிவுசெய்வது அவசியம்.